புஷ்பவள்ளி குடிக்காத பால்

என் தங்கைகள் இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்தவள் புஷ்பவள்ளி, அவள் பின்னால் வந்தவள் பிரேமலா. ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அம்மாவைத் தவிர யாருக்கும் அவர்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒருத்தி செய்த குறும்புக்கு இன்னொருத்தி அடி வாங்குவாள். நான் மட்டும் ஒரு வழி வைத்திருந்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். உடனே சிரிக்கிறவள் புஷ்பா. பிரேமா முதலில் புஷ்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அது சிரிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தானும் சிரிப்பாள்.

நான் அவர்களுக்கு அண்ணன், லெட்சுமணன். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்து, பிற்பாடு பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். புஷ்பவள்ளி பெரிய உத்தியோகம் பார்த்தவள் இல்லை. பத்திரிகையில் படம் வந்தவளும் இல்லை. ஆனால் அவள் செய்த எந்த வேலையையும் இன்னொருவர் வந்து திருத்த வேண்டியிருந்ததில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பதினேழு வயதில் இருவரும் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள். அந்த வருடம் பிரேமாவுக்கு மஞ்சள் காமாலை வந்து எலும்பும் தோலுமாக இருந்தாள். அதனால் அவளைப் பிள்ளைக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டார்கள். புஷ்பா மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் முளைக்கும் புல்லைக் கருக்குகிற மருந்து அது. நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். வாடை நெஞ்சை அடைக்கும். மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவாள். பம்பு ஒழுகும். முதுகு நனையும். துண்டும் நனையும். நனைந்த துண்டு வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். கையுறை கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள்.

அந்த வேலையையும் அவள் அழகாகச் செய்தாள். மரத்தைச் சுற்றி அவள் அடித்த இடம் வட்டம் போட்ட மாதிரி இருக்கும். ஓலையில் ஒரு சொட்டு பட்டிருக்காது. காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பார்த்து நடப்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், “மொதல்ல புஷ்பா நெரையப் போயி பாத்துட்டு வா, அப்புறம் பம்பத் தூக்கு” என்பார். அப்பா அதைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

மருந்தடிக்கிறவர்களுக்கு வேலை முடிந்ததும் மருந்து ஸ்டோர் வாசலில் மாவுப்பால் கரைத்துச் சூடாகக் கொடுப்பார்கள். பால் குடித்தால் உள்ளே போன விஷம் முறிந்துவிடும் என்று தோட்டத்தில் எல்லாரும் நம்பினார்கள். கொடுத்தவர்களும் நம்பித்தான் கொடுத்தார்கள். புஷ்பா தன் பங்கைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். “குடி” என்று பிரேமாவிடம் நீட்டுவாள். பிரேமா உடம்பு தேறி, கன்னம் வைத்து, மறுபடியும் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஆன பிறகும் அந்தப் பால் வந்துகொண்டிருந்தது. பிரேமாவுக்குக் கல்யாணம் ஆகிக் கெலாங் பாத்தாவுக்குப் போகும் வரை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பிரேமாவின் கணவர் விஜயன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். பிரேமா கெலாங் பாத்தாவிலேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். புஷ்பா தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டாள். மகள் ரூபினி பால்குடி மறப்பதற்குள் புஷ்பாவின் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். அதற்கப்புறமும் மருந்தடித்துத்தான் பிள்ளையை வளர்த்தாள். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது எல்லாரும் வெளியேறினோம். டவுனில் என் வீட்டுக்கு அடுத்த வரிசையில் ஒரு சின்ன வீட்டை அவளுக்குப் பார்த்துக் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை அவள் எடுத்து நடத்தினாள்.

அந்த வருடங்கள்தான் அவளுடைய நல்ல வருடங்கள். வேனில் ஏறும் பிள்ளைகள் பையை வைப்பதற்குள், “அங்கிள், இன்னிக்குப் புஷ்பா ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பிப்பார்கள். மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை நீட்டும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். பள்ளி விடுமுறை விட்டால் பிரேமா வந்துவிடுவாள். சமையலறையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. பிரேமா ஊருக்குப் போன மறுநாளே போனில் மிச்சத்தைப் பேசுவார்கள்.

நோய் வந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு காலையில் சிற்றுண்டிச்சாலையில் மிளகாய்ச் சம்பல் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்கு வந்திருந்த ரூபினி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

“அலமாக், அம்மா, சட்டி கருகிப்போச்சு லா. வாட கூடவா அடிக்கல?”

“சளி புடிச்சிருக்குடி” என்றாள் புஷ்பா. அந்தச் சளி போகவே இல்லை. பிறகு நடக்கும்போது அவளுடைய வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பேச்சு மெதுவாகி, குரல் உள்ளே போய்விட்டது. பிள்ளைகளிடம் கேலி பேசினாள், ஆனால் முகம் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் அவளிடம் தட்டு வாங்கப் பயந்தார்கள். ஒருத்தி வேனில் என்னைக் கேட்டாள், “ஆன்ட்டிக்கு நம்ம மேல கோவமா அங்கிள்?” வயதாகிறது, அலுப்பு என்று நாங்கள் நினைத்தோம். சிற்றுண்டிச்சாலையை அவள் விட்டுவிட்டாள்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பிரேமா வந்தாள். வந்தவள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

மூன்று வருடம் வரவில்லை. எனக்குப் போன் செய்வாள். புஷ்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். அவளிடம் கொடுக்கிறேன் என்றால், அடுப்பில் சட்டி இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்பாள். புஷ்பா கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள்.

புஷ்பா வீட்டு முன்னால், கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் கார் சத்தம் கேட்டால் திரும்புவாள். அவள் கழுத்து திரும்பி முடிப்பதற்குள் கார் போயிருக்கும். வெறும் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் மெதுவாகத் திரும்புவாள். நான் மாலையில் போனால் முதல் கேள்வி, “பிரேமா போன் பண்ணாளா?” என்பதுதான். பண்ணினாள் என்பேன். “என்னப் பத்திக் கேட்டாளா?” கேட்டாள் என்பேன். “என்ன கேட்டா, சரியாச் சொல்லுங்க.” நான் வார்த்தை விடாமல் சொல்வேன். அதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் ரூபினி பிடிவாதமாக அவளை ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் மீனலோசனி என்று ஒருவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவர் தமிழிலும் கொஞ்சம் அந்த வாசனை இருந்தது. புஷ்பாவை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். மாத்திரை கொடுத்தார். அடுத்தடுத்த முறை போனபோது எங்களோடு நிதானமாகப் பேசினார். முகத்துத் தசை விறைத்துப்போவதும், கண் அதிகம் சிமிட்டாததும், குரல் தாழ்வதும் இந்த நோயால்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே அவள் பழைய புஷ்பாவாகத்தான் இருந்திருக்கிறாள். எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

“தோட்டத்திலே என்ன வேலை செய்தீங்க அம்மா, சொல்லுங்கோ” என்று ஒருநாள் கேட்டார்.

“மருந்தடிச்சேன். இருவது வருசத்துக்கு மேல.”

“கூடப் பிறந்தவங்களுக்கு யாருக்காவது இப்படி இருக்கா?”

“அண்ணனுக்கு இல்ல. எங்கூடவே பொறந்தவ ஒருத்தி இருக்கா. அவ நல்லா இருக்கா.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “இரட்டையரா? ஒரே மாதிரி இருப்பீங்களோ?”

“நாங்க மாத்தி நின்னா எங்கப்பாவுக்கே தெரியாது” என்றாள் புஷ்பா.

அப்போது அவர் எங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

“ஒரு தாமான் குடியிருப்பிலே வரிசையா வீடு கட்டுறாங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான், ஒரே வயரிங். ஆனா எந்த வீட்டிலே எந்தச் சுவிட்ச் போட்டிருக்கு, எது அணைஞ்சிருக்கு என்றது வீட்டுக்கு வீடு வேறதானே? மரபணு என்றது அந்த வயரிங் மாதிரி. உங்க ரெண்டு பேருக்கும் அது ஒன்றுதான். சில விஷங்கள் வயரை அறுக்கிறதில்ல. சுவிட்ச் மேல டேப் ஒட்டின மாதிரி ஒரு அடையாளத்தை வச்சிட்டுப் போயிடும். அப்ப அணைய வேண்டியது அணையாது, எரிய வேண்டியது எரியாது. மூளையிலே ஒரு புரதம் இருக்கு. அளவோட இருந்தா நல்லது. அளவுக்கு மேல சேர்ந்தா, கை காலை அசைக்கச் சொல்ற செல்லுகள் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப்போகும். பார்க்கின்சன் அப்படித்தான் வருது.”

“அந்த டேப்ப ஒட்டினது புல்லு மருந்துதானா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஓம் என்று ஒருத்தரைப் பார்த்துச் சொல்ல ஏலாது, ஐயா. மருந்தடிச்ச எல்லாருக்கும் இது வரல. அடிக்காத ஆட்களுக்கும் வருது. ஆனா அப்படியான மருந்தோட வேலை செய்தவங்களுக்குக் கூடுதலா வருது என்று பல இடத்திலே பார்த்திருக்கிறாங்க. ஒரே வயரிங் உள்ள ரெண்டு பேர், ஒருத்தர் மருந்தடிச்சவர், ஒருத்தர் அடிக்காதவர், அவங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பக்கத்திலே வச்சுப் பார்த்தா, எந்தச் சுவிட்சிலே வித்தியாசம் இருக்கு என்று தேடலாம். இப்படி நிறைய இரட்டையரைத் தேடுறோம். உங்க தங்கச்சிக்கு விருப்பம் என்றால் மட்டும் வரட்டும். வற்புறுத்தக் கூடாது.”

புஷ்பா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் அப்படியேதான் இருந்தது. பிடி மட்டும் இறுகியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். சிம்பாங் ரெங்கம் டோல் சாவடியைத் தாண்டிய பிறகு புஷ்பா சொன்னாள், “அண்ணே, என்னப் பாக்க வான்னு கூப்புட்டா வரமாட்டா. ரத்தம் வேணுமாம்னு சொல்லுங்க. அதுக்கு வருவா.”

அன்று மாலையே பிரேமாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் பாதியிலேயே, “என்னால முடியாதுண்ணே” என்றாள்.

“ஏன், பயமா? ஒனக்கும் வந்துருமோன்னு பயப்படுறியா?”

“அப்பிடியே வச்சிக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வயிற்றில் ஒட்டிக்கிடந்தவளைப் பார்க்க ஒருத்திக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். புஷ்பா வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். வேலையாக இருக்கிறாளாம், பிறகு சொல்கிறாளாம் என்றேன். அவள் மாத்திரை டப்பாவைக் காட்டினாள்.

“மாத்திர சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எனக்குக் கை நல்லா நிக்கிது. அந்த நேரமாப் பாத்து வரச் சொல்லுங்க. நடுக்கத்தப் பாத்தா அவ தாங்கமாட்டா.”

அதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கெலாங் பாத்தாவுக்குப் புறப்பட்டேன். சொல்லாமல்தான் போனேன்.

கதவைத் திறந்தது பிரேமா. புஷ்பாவுக்கு இந்த நோய் வராமல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள். அதே நெற்றி, அதே காது. கண் சுருங்கிக் கலங்கி, உதடு துடித்து, என்னைப் பார்த்த ஒரு நொடியில் அந்த முகத்தில் என்னென்னவோ வந்து போயின. மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த முகம் அது.

பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். விஜயன் காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஒனக்கு அவ என்ன கொற வச்சா? வாசல்லயே ஒக்காந்து கெடக்குறா. ரோட்டுல போற ஒவ்வொரு காடி சத்தத்துக்கும் திரும்புறா. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனா ஒன் காலு தேஞ்சிருமா?”

“அவளுக்கு எம்மேல கோவம்ணே.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? தீவாளி அன்னிக்கு நான் வந்தப்ப என்னைய ஒரு பார்வ பாத்தா. நான் என்ன பேசினாலும் சிரிக்கல. தே கலந்து கிளாச நீட்டி, கண்ணுகூடச் சிமிட்டாம என்னையே பாத்து, ‘குடி’ன்னா. அப்ப தூக்குச்சட்டிய நீட்டுவாளே, அதே மாதிரி. கிளாச அப்பிடியே வச்சிட்டுக் கெளம்பிட்டேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்தத் தூக்குச்சட்டி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மருந்து ஸ்டோர் பாலுண்ணே. அவ வெசத்த முறிக்கக் குடுத்த பால். அத நான் குடிச்சேன். தெரியாமக் குடிக்கல. பிள்ளைக் கொட்டாய்ல மண்டோரு பொஞ்சாதி எங்கிட்டயே கேட்டாங்க, ‘அவ பங்க நீ குடிக்கிறியே, அவ ஒடம்புல உள்ளத யாரு எறக்குவா?’ன்னு. நான் போயி புஷ்பாகிட்டச் சொன்னேன். அவ சிரிச்சா. அவ சிரிக்கவும் நானும் சிரிச்சிட்டேன். மறுநாளும் குடிச்சேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் குடிச்சேன். இப்ப அவளுக்கு இந்த நோவு. எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொல்ற மாதிரி ரத்தத்த எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா என்ன தெரியும்? அவளுக்குச் சேர வேண்டியது எங்கிட்ட இருக்குன்னுதானே தெரியும்?”

அந்த மூன்று வருடத்தில் நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் தப்பாக இருந்தது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாரு பிரேமா. அவ மூஞ்சி வெறச்சுப் போச்சு. அதுவும் நோவுதான். டாக்டரே சொன்னாங்க. என்னையும் அப்பிடித்தான் பாக்குறா. ரூபினியையும் அப்பிடித்தான் பாக்குறா. டீவிய அப்பிடித்தான் பாக்குறா. கோழிக்கறி நல்லாருக்குன்னு சொல்லும்போதுகூட கோழியக் கொன்னுருவா மாதிரிதான் இருக்கு.”

அவள் அழுகையிலேயே சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். “அப்ப பாலு?”

“அது எனக்குத் தெரியாது. டாக்டரத்தான் கேக்கணும்.”

“ஆமாம்னு சொல்லிட்டாங்கன்னா?”

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். “அப்பவும் அவ வாசல்லதான் ஒக்காந்திருப்பா.”

குறித்த நாளில் விஜயன் பிரேமாவை மருத்துவமனையில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். நான் புஷ்பாவைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போயிருந்தேன். அவள் சொன்னபடி மாத்திரை நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் புறப்பட்டோம். பிரேமா வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். “சாப்ட்டியா?” என்றாள் புஷ்பா. “ம்” என்றாள் பிரேமா. புஷ்பா கொஞ்ச நேரம் கழித்து, கையை ஊன்றி, மெதுவாக எழுந்து, நடுவில் இருந்த நாற்காலிக்கு மாறினாள். அவளுக்கு அது சுலபமான காரியம் இல்லை.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஆராய்ச்சியில் என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்று விளக்கினார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பிரேமா என்னைப் பார்த்தாள், பிறகு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பால் கதையைச் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“அந்தப் பால அவளே குடிச்சிருந்தா இந்த டேப்பு ஒட்டியிருக்காதா டாக்டர்?”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். சிரிக்கவில்லை.

“இல்லை அம்மா. அது வெறும் பால். மருந்து உள்ளே போனது தோலாலயும் மூச்சாலயும். வயித்துக்குப் போற பால் அதை ஒன்றும் செய்யாது. அப்ப எல்லாரும் நம்பினாங்க, என்ர தாத்தாகூட ஒரு தோட்டத்திலே மருந்தடிச்ச ஆட்களுக்குப் பால் ஊத்திக் கொடுத்தவர்தான். அவங்க குடிச்சிருந்தாலும் குடிக்காட்டிலும் ஒன்றுதான். நல்ல கையுறையும் ஒழுகாத பம்பும் கொடுத்திருந்தா, அது வேற கதை. நீங்க அவங்களிட்ட இருந்து ஒன்றும் எடுக்கேல்ல.”

அடுத்துப் பேசியது புஷ்பாதான். அவள் குரல் கேட்க எல்லாரும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

“அந்தப் பாலா? எனக்கு அதக் கண்டாலே கொமட்டும். மருந்து ஸ்டோர்ல வச்சு கரைக்கிறது, பூரா மருந்து வாட. கீழ ஊத்துனா மண்டோரு திட்டுவாரு. அதான் வீட்டுக்குக் கொண்டாந்து ஒன் வாயில ஊத்துனேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இதுக்கா மூணு வருசம் வரல?”

பிரேமா அவள் பக்கம் திரும்பினாள். “அடிப்பாவி. நாறுன பாலத்தான் எனக்கு ஊத்துனியா?”

“நீதான் நல்லாருக்குன்னு கேட்டுக் கேட்டுக் குடிச்ச.”

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். பிரேமா அழுதாள். புஷ்பா பிரேமாவின் முந்தானையைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

பால் அவளுக்குக் குமட்டியது உண்மையா, பிரேமாவுக்காக அப்போதே அந்த இடத்திலேயே கட்டிய கதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன வயதில் அவளால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது. வாய் சொல்வதற்குள் முகம் சொல்லிவிடும். இப்போது அந்த முகம் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை.

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது பிரேமா கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்கும் வருமா டாக்டர்?” என்று போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

“வரலாம், வராமலும் போகலாம். வயரிங் ஒன்றுதான். ஆனா நீங்க வாழ்ந்த வீடு வேற. சொல்ல ஏலாது. இதிலே கண்டுபிடிக்கிறது உங்க அக்காவுக்கு இப்ப உதவாது என்றதையும் நான் சொல்லத்தான் வேணும். வருசக்கணக்காகும். பிறகு வர்ற ஆட்களுக்கு உதவலாம். அடுத்த வருசம் இன்னொரு முறை ரத்தம் எடுப்போம்.”

அந்த டேப்பை உரிக்க வழி உண்டா என்று நான் கேட்டேன். அதைத்தான் உலகத்தில் பல இடங்களில் தேடுகிறார்கள் என்றார். உரிக்க முடிந்தால், அவள் முகத்தில் ஒரு நாளாவது, ஒரு மதிய நேரமாவது, பழையபடி எல்லாம் வந்து போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

பிரேமா அன்று கெலாங் பாத்தாவுக்குத் திரும்பவில்லை. எங்களோடு வந்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் புஷ்பா வீட்டில் இருந்தாள். ரூபினி வேலைக்குப் போனதும் சமையலறை அவர்களுடையது. பிரேமாதான் அதிகம் பேசினாள். புஷ்பாவின் குரலைக் கேட்பதற்காகக் காற்றாடியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டில் உப்பு கூடிப்போச்சு என்று புஷ்பா சொல்வாள். “ஒனக்குத்தான் வாடையே தெரியலையே, உப்பு மட்டும் தெரியுதா?” என்று பிரேமா மல்லுக்கு நிற்பாள். புஷ்பாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிடும்போது பிரேமா முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வா, வா, வா” என்று பின்பக்கமாக நடப்பாள். அவள் அடி எடுத்து வைக்க இவளும் எடுத்து வைப்பாள்.

சனிக்கிழமை விஜயன் வந்தார். தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று சொல்லிப் பிரேமா காரில் ஏறினாள். இறங்கி வந்து, மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று ரூபினிக்கு மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஏறினாள். கார் தெரு முனையில் திரும்பியது. அந்த முறை புஷ்பா முன்கூட்டியே கழுத்தைத் திருப்பி வைத்திருந்ததால் அது மறையும் வரை அவளால் பார்க்க முடிந்தது.

நான் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளில் போனான். அவள் எதையோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. குனிந்தேன்.

“டாக்டர் அடுத்த வருசம் மறுபடியும் ரத்தம் வேணும்னாங்கல்ல?”

“ஆமா.”

“வருசத்துக்கு ஒரு தடவ எடுத்து என்ன தெரிஞ்சிக்கப் போறாங்க? மாசாமாசம் எடுக்கச் சொல்லுங்கண்ணே. நம்மகிட்ட ரத்தத்துக்கா பஞ்சம்?”

கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புஷ்பாவே சொல்லட்டும் என்று பையிலிருந்து போனை எடுத்துப் பிரேமாவைக் கூப்பிட்டேன். அவர்கள் கார் இன்னும் நெடுஞ்சாலையில் ஏறியிருக்காது.